நாலாம் வகுப்பு மார்க்கை வைத்து டிவிஷன் பிரிக்கிறார்கள்: மற்ற நாடுகளில் இதனால் என்ன ஆனது?

சயான் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நாலாவது படிக்கிறாள். போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், வருகிற ஜூனிலிருந்து ஐந்தாம் வகுப்பை மார்க் வாரியாகப் பிரிக்கப் போவதாகச் சொன்னார்கள். எல்லாப் பாடமும் சேர்த்து மொத்த மார்க்கில் முதல் 45 பேர் ஏ டிவிஷன், அடுத்த 45 பேர் பி, மீதிப் பேர் சி. பத்தாவது வரை அதே டிவிஷன்தானாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மற்றவர்கள் பின்னால் இழுக்கக் கூடாது, ஜெர்மனி, சிங்கப்பூரில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் அவர்கள் முன்னால் இருக்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னார்கள். பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை, எழுந்து கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் மனதை அரிக்கிறது.

இவள் இரண்டாம் வகுப்பின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தவள். கணக்கு நன்றாகப் போடுவாள், ஆங்கிலம் பரவாயில்லை. மராத்தியும் இந்தியும்தான் இன்னும் பிடிபடவில்லை, இரண்டிலும் நாற்பதைத் தாண்டுவதே பெரிய பாடு. மொத்தத்தைக் கூட்டினால் சி டிவிஷனில்தான் வந்து நிற்பாள். மராத்தியில் வாங்கிய மார்க்குக்காக ஆறு வருடக் கணக்குப் பாடம் எந்த டிவிஷனில் என்று முடிவாவது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

உண்மையிலேயே வெளிநாடுகளில் இப்படிப் பிரிப்பதால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? எழுத்து மூலம் கருத்துச் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அழுது புலம்பி எழுதினால் எடுபடாது, விவரத்தோடு எழுத வேண்டும்.

முலுண்ட் அப்பா எழுதியது:

சகோதரி, நாங்கள் மியூனிக்கில் எட்டு வருடம் இருந்தோம், பையன் அங்கேதான் நாலாவது முடித்தான். அதனால் ஜெர்மனி பற்றி மட்டும் சொல்கிறேன்.

பவேரியா மாநிலத்தில் நாலாவது வகுப்பில், ஜெர்மன் மொழி, கணக்கு, சுற்றுச்சூழலும் சமூகமும் சேர்ந்த ஒரு பாடம், இந்த மூன்றின் சராசரியைப் பார்ப்பார்கள். அங்கே 1தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகம் வரை கூட்டிப் போகும் கிம்னாசியம், 2.66க்குள் இருந்தால் ரியால்ஷூலே என்ற நடு அடுக்குப் பள்ளி, அதற்கும் கீழே என்றால் மிட்டல்ஷூலே என்ற கீழ் அடுக்குப் பள்ளி. மே மாதம் தொடக்கத்தில் சான்றிதழ் கையில் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு! எங்கள் குடியிருப்பில் ஏப்ரல் மாதம் முழுக்க எந்த வீட்டிலும் சிரிப்பே இருக்காது. எங்கள் பையன் கணக்கில் 1 வாங்குகிறவன், ஜெர்மனில் 3. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை வேறு எப்படி வாங்குவான்? உங்கள் மகளின் மராத்தி மார்க்கைப் படித்தவுடன் எனக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் பள்ளியில் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருக்கிறது. பீசா என்று 15 வயது மாணவர்களுக்கு நாடு நாடாக நடத்துகிற சோதனை 2000இல் தொடங்கியது. அதன் முடிவு 2001 கடைசியில் வந்தபோது ஜெர்மனியே ஆடிப்போனது, இன்றும் அதை 'பீசா அதிர்ச்சி' என்றுதான் சொல்கிறார்கள். வாசிப்பில் 484, கணக்கில் 490, இரண்டுமே சராசரிக்குக் கீழே. அதை விடப் பெரிய அடி, வீட்டின் வசதிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு வளர்ந்த நாடுகளிலேயே மிக இறுக்கமாக இருந்த இடங்களில் ஜெர்மனியும் ஒன்று என்று தெரிய வந்தது. அதற்கப்புறம்தான் முழு நாள் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள், நாடு முழுக்கப் பொதுவான தர அளவுகள் கொண்டுவந்தார்கள், பல மாநிலங்களில் கீழ் அடுக்குப் பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள். 2012இல் கணக்கு 514க்கு ஏறியது. பெர்லினில் முன்பிருந்தே ஆறாவது வரை பிரிப்பதில்லை. ஆக, ஜெர்மனி முன்னேறியதற்குப் பிரிப்பைக் காரணம் சொல்வது தலைகீழ்.

மேலே ஏற வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், சட்டப்படி இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரை கீழே இறங்கியவர்கள்தான் அதிகம், ஏறியவர்கள் ஒன்றிரண்டு பேர்.

டோம்பிவிலி லோக்கல் எழுதியது:

புள்ளிவிவரம் என் பிழைப்பு, இந்த விஷயத்தை ரயிலில் போகும்போதும் வரும்போதும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஒரு நாடு மேலே இருக்கிறது, அந்த நாட்டில் இன்ன பழக்கம் இருக்கிறது, அதனால் அந்தப் பழக்கம்தான் காரணம் என்று சொல்வதில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு நாடும் ஆயிரம் விஷயத்தில் வேறுபடும். ஆசிரியர் சம்பளம், வீட்டு வசதி, டியூஷன், குடியேறியவர்களின் எண்ணிக்கை எல்லாம் கலந்துதான் அந்த ஒரு எண் வருகிறது.

இதைச் சமாளிக்க ஹனுஷெக், வோஸ்மன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2006இல் ஒரு வேலை செய்தார்கள். தொடக்கப் பள்ளியின் முதல் நாலு வகுப்பில் அநேகமாக எந்த நாட்டிலும் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிப்பதில்லை. அங்கே மேலே இருக்கிற பிள்ளைக்கும் கீழே இருக்கிற பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாடு நாடாகப் பார்த்தார்கள். அப்புறம் 15 வயதில் அதே நாட்டில் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தார்கள். சீக்கிரம் பிரிக்கிற நாடுகளில் இடைவெளி விரிந்திருந்தது. சரி, சராசரியாவது ஏறியதா என்றால் அதற்கான அடையாளம் இல்லை, குறைந்திருக்கலாம் என்றுதான் தெரிந்தது. நாட்டை நாட்டோடு ஒப்பிடாமல் அதே நாட்டின் சின்ன வயதோடு ஒப்பிட்டதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

பின்லாந்துக் கதையும் உங்களுக்கு உதவும். அங்கேயும் ஒரு காலத்தில் 11 வயதில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் வடக்கே தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து, 1977இல் ஹெல்சிங்கி வரை எல்லாப் பள்ளிகளையும் 16 வயது வரை ஒரே பொதுப் பள்ளியாக மாற்றினார்கள். ஒரே நாளில் நாடு முழுக்க மாற்றாததால், மாறிய பகுதியில் படித்தவர்களையும் மாறாத பகுதியில் படித்தவர்களையும் பிற்பாடு ஒப்பிட முடிந்தது. பொதுப் பள்ளியில் படித்தவர்களிடம், அப்பாவின் வருமானத்தை வைத்து மகனின் வருமானத்தைக் கணிக்கக்கூடிய அளவு சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. அப்பா எவ்வளவு சம்பாதித்தார் என்பது பிள்ளையின் தலையெழுத்தாக இருப்பது அந்த அளவு தளர்ந்தது என்று அர்த்தம். 

போலந்து 1999இல் பொதுப் படிப்பை ஒரு வருடம் நீட்டி, பிரிப்பதை ஒரு வருடம் தள்ளிப் போட்டது. பீசா வாசிப்பில் 2000இல் 479 ஆக இருந்தது 2006இல் 508. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அதே சமயம் மாற்றினார்கள் என்பதால் முழுப் பெருமையும் அந்த ஒரு வருடத்துக்குக் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்லாந்து இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது, கணக்கில் 2006இல் 548, 2022இல் 484. பொதுப் பள்ளி அப்படியேதான் இருக்கிறது. அதனால் பின்லாந்தைக் காட்டி எழுதினால் யாராவது இந்த எண்ணை எடுத்து வீசுவார்கள், தயாராக இருங்கள்.     

செம்பூர்க்காரன் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே வகுப்பில் பின்னம் கூட்டத் தெரிந்த பிள்ளையும் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளையும் உட்கார்ந்தால் டீச்சர் யாருக்கு நடத்துவார்? நடுவில் இருக்கிறவனுக்கும் இல்லை, முன் பெஞ்சுக்குத்தான் நடத்துவார். பின்னால் இருக்கிறவன் வருடம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பான். நான் அப்படி உட்கார்ந்திருந்தவன்.

கென்யாவில் 2005இல் 121 பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. டூஃப்லோ, டூபாஸ், கிரேமர் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் செய்தது. ஒன்றாம் வகுப்பில் கூட்டம் அதிகமாக இருந்த பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர் கொடுத்து வகுப்பை இரண்டாக்கினார்கள். பாதிப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்தார்கள், மீதியில் முதல் பருவ மார்க்கை வைத்துப் பிரித்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், மார்க் வைத்துப் பிரித்த பள்ளிகளில் மேல் வகுப்பும் கூடுதலாகக் கற்றிருந்தது, கீழ் வகுப்பும் கூடுதலாகக் கற்றிருந்தது. கீழே போட்டதால் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆசிரியருக்குத் தன் எதிரில் இருக்கிற பிள்ளைகளின் நிலைக்கு ஏற்ப நடத்த முடிந்தது, அதுதான் காரணம்.

அதனால் பிரிப்பதே பாவம் என்று எழுதாதீர்கள். பள்ளியில் யாராவது விவரம் தெரிந்தவர் இருந்தால் உங்களை ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

தாராவி டீச்சர் எழுதியது:

செம்பூர்க்காரத் தம்பி சொன்னது சரி. நான் இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது.

தம்பி, நீங்கள் சொன்ன பிரிப்பும் இந்தப் பள்ளி சொல்கிற பிரிப்பும் ஒன்றில்லை, அதைத்தான் விளக்க வேண்டும் என்று உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். நாங்களும் பிரித்தோம். தினமும் ஒரு மணி நேரம் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளைக் கலந்துவிடுவோம். எழுத்து தெரிந்தவர்கள் ஓர் அறை, சொல் வாசிக்கிறவர்கள் ஓர் அறை, பத்தி வாசிக்கிறவர்கள் ஓர் அறை, கதை வாசிக்கிறவர்கள் வராந்தாவில். ஐந்தாவது படிக்கிற பையன் மூன்றாவது பிள்ளையோடு உட்காருவான், முதல் வாரம் வெட்கப்படுவான். மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் வகுப்புக்குப் போய்விடுவார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன், தேறியிருந்தால் அன்றைக்கே அடுத்த அறை. கணக்குக்குத் தனி அறை, வாசிப்புக்குத் தனி அறை. வாசிக்கத் திணறுகிற பையன் கணக்கில் மேல் அறையில் இருப்பான், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஊரில் இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. அரும்பாக இருப்பது நாளைக்கு மொட்டாகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. சி டிவிஷன் என்ற பெயரில் அது எங்கே இருக்கிறது? ஐந்தாவதில் சி என்றால் பத்தாவதிலும் சி.

இந்த ஊரில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் கடிதத்தில் எழுதுங்கள். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு பால்சகி என்று ஒரு திட்டம் நடத்தியது. மூன்றாவது, நாலாவதில் பின்தங்கிய பிள்ளைகளை, 15, 20 பேராக, பள்ளி நேரத்தில் இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப்போய், அதே பகுதியில் படித்த இளம்பெண் ஒருத்தி அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பாள். பானர்ஜி, டூஃப்லோ என்ற பொருளாதார நிபுணர்களின் குழு 2001இலிருந்து இதை அளந்து பார்த்து 2007இல் எழுதியது. வெளியே போன பிள்ளைகள் நிறையவே முன்னேறினார்கள். வகுப்பில் தங்கிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை! கூட்டம் குறைந்தது, பலவீனமான பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே இல்லை, அப்படியும் அவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் பின்னால் இழுக்கிறார்கள் என்று உங்கள் பள்ளியில் சொன்னார்களே, அதற்கு இதே மும்பையில் கிடைத்த பதில் இது.

கடைசியாக ஒன்று. சி டிவிஷனுக்குக் கணக்கு டீச்சர் யார் என்று கேளுங்கள் அம்மா. கென்யாவில் கீழ் வகுப்புக்கும் ஒழுங்காக ஓர் ஆசிரியர் இருந்தார். நான் பார்த்த பள்ளிகளில் மார்க் வைத்துப் பிரித்த பிறகு நல்ல ஆசிரியர் ஏ டிவிஷனுக்குப் போவார், புதிதாகச் சேர்ந்தவரோ தற்காலிகமாக வந்தவரோ சி டிவிஷனுக்கு வருவார். பத்தாவது ரிசல்ட்டில் பள்ளியின் பெயர் ஏ டிவிஷனால்தானே வரும்.

முலுண்ட் அப்பா எழுதியது:

டீச்சர், உங்கள் வராந்தா எங்களுக்கு மியூனிக்கில் கிடைத்திருந்தால் பையன் அந்த வருடம் அவ்வளவு அழுதிருக்க மாட்டான்.

சிங்கப்பூரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அக்கா குடும்பம் அங்கே இருப்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே பிரித்தார்கள் என்பது உண்மை. 1980 வாக்கில் தொடங்கி, தொடக்கப் பள்ளியிலேயே தரம் பிரித்தார்கள், ஆறாவது முடிவில் பி.எஸ்.எல்.இ. தேர்வு, அப்புறம் எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரிவுகள். அந்த நாடுதான் 2022 பீசாவில் கணக்கில் 575 வாங்கி முதலிடம். ஆனால் அதே அரசுதான் அந்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிரிப்பு 2008இல் போனது. 2024இல் உயர்நிலைப் பள்ளி சேர்ந்த பிள்ளைகளிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பெயரே கிடையாது. வகுப்பு கலந்து இருக்கும், பாடத்துக்குப் பாடம் நிலை வேறு வேறு. அக்கா மகன் கணக்கில் மேல் நிலை, ஆங்கிலத்தில் அதற்கடுத்த நிலை, தமிழில் மறுபடி மேல் நிலை. தமிழ் அங்கே தாய்மொழிப் பாடம், அதில் மார்க் குறைந்தாலும் கணக்கில் நன்றாகச் செய்கிற பிள்ளை கணக்கை மேல் நிலையில் எடுக்கலாம்.

செம்பூர்க்காரன் எழுதியது:

பால்சகி விஷயம் எனக்குத் தெரியாது, படித்துப் பார்க்கிறேன். டீச்சர் சொன்ன மாதிரி பாடவாரியாக, திரும்பி ஏற வழியோடு இருந்தால் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் பிரிப்பதை நிறுத்து என்று மட்டும் எழுதிவிட்டு, பின் பெஞ்சில் இருக்கிறவனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பழைய மாதிரியே விட்டால் அவனுக்கு ஒன்றும் மாறாது.

சயான் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இன்று மகளை விடப் போனபோது, டீச்சர் சொன்ன கேள்வியை நேரிலேயே கேட்டேன், சி டிவிஷனுக்குக் கணக்கு யார் எடுப்பார்கள் என்று. ஏ டிவிஷனுக்கு யார் என்று உடனே பெயர் சொன்னார்கள். பி டிவிஷனுக்கும் சொன்னார்கள். சி டிவிஷனுக்கு "இன்னும் ஆள் எடுக்க வேண்டும், ஜூனுக்குள் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கை நடுங்கியது. ஆனால் என்ன எழுத வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவானது.

மூன்று விஷயம் எழுதப் போகிறேன். மொத்த மார்க் வேண்டாம், பிரிப்பதாக இருந்தால் பாடவாரியாகப் பிரியுங்கள், அதுவும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். பருவத்துக்கு இரண்டு முறையாவது மறுபடி சோதித்து மாற்றுங்கள். மூத்த கணக்கு டீச்சர் வாரத்தில் சில நாளாவது கீழ்க் குழுவுக்கும் வர வேண்டும். அதோடு மும்பை ஆய்வைப் பற்றி ஒரு பத்தி, சிங்கப்பூர் பிரிவுகளை எடுத்துவிட்டது பற்றி ஒரு பத்தி. எங்கள் கட்டடத்தில் அதே வகுப்பில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் ஏ டிவிஷனுக்குப் போகக்கூடியவர்கள். அவர்களில் ஒருவரின் அம்மா கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்குப் பெரிய தெம்பு.

டீச்சர், ஒரே ஒரு உதவி. மற்ற பெற்றோர்களில் பாதிப் பேர் மராத்திக்காரர்கள். அவர்களுக்குக் காட்ட மராத்தியில் ஒரு பக்கம் வேண்டும், எனக்கு அவ்வளவு எழுத வராது.

தாராவி டீச்சர் எழுதியது:

அனுப்புங்கள் அம்மா, ராத்திரிக்குள் எழுதித் தருகிறேன். அதில் அந்தக் கணக்கு டீச்சர் விஷயத்தை முதல் வரியாகப் போடுங்கள். ஏ டிவிஷன் பிள்ளைகளின் அம்மாக்களும் அதைப் படித்தால் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள், யார் பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்று இப்போதே யாருக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு மராத்தி வாசிப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிவர முடிந்தால் நானே வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். சொல் நிலையில் இருந்தால் கோடை லீவில் பத்தி வாசிக்க வைத்துவிடலாம்.